இரண்டு கடலரசிகள்

பச்சைப் பூச்சியங்கள். திரை முழுக்க, வரிசை வரிசையாக. வெளியே துறைமுகம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே அம்மோனியா மணம். எண்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் நான் கிளாக்கர். முதலாளி சிங்கப்பூரிலிருந்து தருவித்த சின்னக் கம்பியூட்டரின் முன்னால் என் மச்சாள், அண்ணனின் மனைவி, இருந்தாள்.

"காலமை படகுகளுக்கு ஐஸ் குடுக்கிறது சண்டையில்லாமப் போச்செண்டா வேலை உமக்கு, பிள்ளை. இல்லாட்டி மிசின் திரும்பப் பெட்டிக்குள்ள." முதலாளியின் பேச்சு அவ்வளவுதான். வேலை கிடைத்தால் அண்ணன் சவூதிக்குப் போகத் தேவையில்லை. அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லையெண்டு காட்டவோ இவ்வளவு தட்டு?" என்றார் முதலாளி, பூச்சியங்களைப் பார்த்து.

"ஆக்கள் வர முன்னம் கதிரை போட வேணும், ஐயா. பூச்சியம் போட்டு நேற்று இருந்தவையை எழுப்பாட்டி இண்டைக்கு வாறவை எங்க இருக்கிறது?"

இன்றைய கம்பியூட்டர் மொழிகளில் பெயரையும் அதற்குரியதையும் ஒரே வரியில் சோடி சேர்த்துவிடலாம். அன்று அவளிடம் அது இல்லை. இரண்டு வரிசைகளைப் பக்கம் பக்கமாக வைத்தாள்: ஒன்றில் படகுகளின் பெயர், மற்றதில் வேண்டிய ஐஸ் கட்டிகள். பெயரைத் தட்டினால் கட்டிக் கணக்கு வரும். படகோட்டி மனம் மாறி அதே பெயரில் மறுபடி சொன்னால், பழையது அழிந்து புதியது ஏறும். அந்த அழகில்தான் பிழை ஒளிந்திருந்தது.

கிண்ணியா ஊர் நானா வண்டியோடு வந்தார். அவருடைய 'கடலரசி'க்குத் திரை ஐந்து என்றது.

"பன்ரண்டு சொன்னனான், தங்கச்சி. அஞ்சை வைச்சு மீனுக்குப் போடுறதோ, சர்பத்துக்குப் போடுறதோ?"

பின்னால் நின்ற கட்டைபறிச்சான் ஊர் அண்ணை எட்டிப் பார்த்தார். "அஞ்சு என்ரயெல்லோ! கடலரசி எங்கட படகு."

"அரசி ஒராள்தான் இருக்கலாம். உம்மடயைத் தோழியெண்டு மாத்தும்."

"மாமனார் வைச்ச பேர். மாத்தினா எனக்கு வீட்டில சோறில்லை!"

சத்தம் ஏறியது. முதலாளி பெட்டியைத் தேடத் தொடங்கினார். மச்சாள் திரும்பவில்லை. புது ஆளைக் கண்டால் எங்கள் சனம் பெயருக்கு அடுத்து என்ன கேட்கும்? அதையே அவள் கம்பியூட்டருக்கான கட்டளையில் இரண்டு வரிகளாகச் சேர்த்தாள். "நானா, திரும்பச் சொல்லுங்கோ." கடலரசி என்று தட்டியதும் ஆங்கில எழுத்தில் தமிழ் பளிச்சிட்டது: எந்த ஊர்?

கிண்ணியா, பன்னிரண்டு. கட்டைபறிச்சான், ஐந்து. இரண்டு அரசிகளும் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊர் கேக்கப் பழகிட்டுதெல்லோ! இனிப் பெட்டிக்குள்ள வைக்கேலாது. நாளைக்கும் வாரும், பிள்ளை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அண்ணன் பவுடர் பூசி வெளிக்கிட்டு நின்றார். விசயத்தைக் கேட்டதும் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்ப, மீன் வாங்கட்டோ?" என்றார்.