கண்ணாடிக்காரரின் முதலிடம்

கார் பந்தயம் ஓட்டுகிறவர் என்றதும் உங்கள் மனதில் ஓர் ஆள் வந்து நிற்பார். இளவயது, உடம்பைப் பிடித்த உடை, கக்கத்தில் தலைக்கவசம், முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கிய சிரிப்பு. அவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். நம்முடைய ஆள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. பார்வை சோதிக்கிற ஆள் வராத நாட்களில் முன்னால் வந்து வாடிக்கையாளர்களுக்குப் பார்வையும் சோதிப்பார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகும். பந்தயத் திடலில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்.

இது டிவியில் காட்டுகிற பந்தயமும் இல்லை. ஒரு கிளப் இருக்கிறது, வேலைக்குப் போகிற மனிதர்கள் சேர்ந்து நடத்துவது. ஓட்டுவதும் அவர்களே, கொடி காட்டுவதும் அவர்களே, கைதட்டுவதும் பெரும்பாலும் அவர்களே. விடுமுறை நாளில் விடிவதற்குள் எழுந்து, பந்தயக் காரை வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், வெயிலில் காய்ந்து, தகரக் கொட்டகையில் கொட்டாவி விட்டு, முறை வந்ததும் கால் மணி நேரம் ஓட்டுவார்கள். பிறகு மறுபடியும் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கண்ணாடிக்காரர் பதில் சொன்னதும் கிடையாது. அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்க முடியாது என்பதை வீட்டு மனிதர்களிடம் எப்படிச் சொல்வது?

பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். இருப்பதிலேயே சின்ன எஞ்சின் பிரிவு. ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. ஐந்து, ஆறு, வண்டி மக்கர் செய்தால் கடைசி. சாவதற்குள் ஒரே ஒரு முறை எல்லோருக்கும் முன்னால் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தனக்கு ஓட்டத் தெரியும் என்று தனக்கே நிரூபித்துவிட்டு, வண்டியை விற்றுவிட்டு, பேசாமல் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். பெரிய பேராசை என்று சொல்ல முடியாது.

அவருக்கு உதவிக்கு இருப்பது ஒரே ஆள், மனைவியின் தம்பி. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். காரைத் தயார் செய்வது, டயர் மாற்றுவது, தோற்றுவிட்டு வந்தால் திடலின் மேல் பழி போடுவது எல்லாம் அவன் பொறுப்பு.

அந்தப் பிரிவில் ஒரு விதி உண்டு. காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து இவ்வளவு எடைக்குக் குறையக் கூடாது. ஒல்லி ஆட்கள் காருக்குள் ஈயக்கட்டியை போல்ட் போட்டு முடுக்கி எடையைச் சரிக்கட்டுவார்கள். கண்ணாடிக்காரருக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ஸ்டீயரிங் இடிக்கிற தொப்பை அவருக்கு. அதனால் மச்சான் வேறு வழியில் போனான். பின்சீட்டைக் கழற்றினான், தரைவிரிப்பைக் கிழித்தான், கதவின் உள்பலகையைப் பிய்த்தான், ஹாரனைக்கூட விட்டு வைக்கவில்லை. கார் எலும்பும் தோலுமாக ஆனது. மாமாவின் தொப்பையோடு சேர்த்தால் எடை சரியாக விதிக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஷெட்டில் வெறும் காரை நிறுத்துப் பார்ப்பான். மாமாவின் எடை அவனுக்கு மனப்பாடம், மனதுக்குள் கூட்டிக்கொள்வான்.

"நம்ம ஈயக்கட்டி நடமாடுற ஈயக்கட்டி. அது எங்க போயிடப் போகுது?" என்று ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான். கண்ணாடிக்காரரும் அசடு வழியச் சிரித்து வைப்பார்.

பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று கார்களை மட்டும்தான் கிளப் நிறுத்துப் பார்க்கும். அந்தப் பாக்கியம் இவர்களுக்கு வாய்த்ததில்லை என்பதை முன்பே சொன்னேன்.

இந்த வருடம் என்னவோ நடந்தது. முதல் பந்தயத்தில் ஆறாவது வந்தார், அடுத்ததில் ஐந்தாவது, அதற்கடுத்து நான்காவது. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி கயிற்றை அறுத்துக்கொண்ட கன்று போல ஓடியது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்து மாட்டியவன் அவன்.

"என் கை வேலை மாமா. இந்த வருஷம் பல் டாக்டர நாம ஒரு கை பாக்குறோம்," என்றான்.

பல் டாக்டர் என்பவர் அந்தப் பிரிவில் எப்போதும் முதலில் வருபவர். நல்ல மனிதர், நல்ல கார். இரண்டும் சேர்ந்திருந்ததால் அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

வண்டிதான் அப்படி ஓடியது. ஓட்டுகிறவருக்கு நடக்கவே முடியவில்லை. காலையில் எழும்போதே முந்தின நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் போல எழுந்தார். கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே கண் சொருகியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது, குடித்த தண்ணீர் உடம்பில் தங்கவும் இல்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். தன் கண்ணாடியின் பவரை ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினார். இரண்டாவது தடவை மாற்றியும் சில நாள் தெளிவாகத் தெரிந்தது, சில நாள் எதிர்க் கடைப் பலகை நீரில் எழுதியது போல ஆடியது.

இத்தனைக்கும், பவர் இப்படி ஏறி இறங்குகிறது என்று யாராவது வந்தால், "முதல்ல சுகர் பாருங்க, அப்புறம் கண்ணாடி போடலாம்" என்று திருப்பி அனுப்புகிறவர் அவர்தான். ஊருக்குச் சொன்னதைத் தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் இல்லை, தெரிந்துதான். பார்த்து, இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் கிளப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை ஓட்ட விடமாட்டார்கள். நாலாவது இடம் வரை வந்துவிட்டு யாராவது சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவார்களா?

மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். முப்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லக்கூடியவள். கணவரின் முகம் மட்டும் அவளுக்குத் தெரியாமல் போகுமா? கடைசிப் பந்தயத்தன்று காலையில், அவர் சாப்பிடாமல் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

"கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? கன்னம் ஒட்டிப் போச்சு. இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம், டாக்டர்கிட்ட போலாம்."

"இது ஒண்ணு முடியட்டும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"இதான் கடைசி. ஜெயிச்சாலும் தோத்தாலும் வண்டிய வித்துடறேன். போதுமா?"

"வண்டிய யாருங்க கேட்டா?" என்றாள் அவள். அவர் அதற்குள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று தகுதிச் சுற்றில் நல்ல நேரம் எடுத்ததால் அவருக்கு இரண்டாவது இடத்திலிருந்து ஓட்டம். முன்னால் பல் டாக்டர். கொடி விழுந்ததிலிருந்து கடைசிச் சுற்று வரை இருவருக்கும் நடுவில் ஒரு கார் நீளம்கூட இல்லை. மேட்டில் ஏறும்போது கண்ணாடிக்காரரின் வண்டி நெருங்கும், வளைவில் டாக்டர் குறுக்கே வந்து வழியை அடைப்பார். உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் கைக்குப் போய்விட்டது. தலைக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. விட்டுவிடலாம், இரண்டாவது வந்தால் என்ன குறைச்சல் என்று ஒரு நினைப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

கடைசி வளைவுக்கு முன்னால் சாலை ஓரமாக ஒரு வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வளைவில் நிற்காது. கண்ணாடிக்காரர் பலகையைத் தேடினார். இன்னும் வரவில்லை என்று நினைத்தார். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை. மேட்டில் நெருங்கியதில் இப்போது பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த டாக்டரின் கார் திடீரென்று பின்னால் போனது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரம் வழுக்கியது, டாக்டர் காரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் குறுக்கே போய், மண்ணைத் தொட்டு, எப்படியோ நேரானது. அவருக்கு முன்னால் யாருமே இல்லை. வெறும் சாலையும், அதன் முடிவில் கோடும், கொடியை ஆட்டும் ஒரு கையும்தான் இருந்தன.

மச்சான் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணாடிக்காரருக்கு அழுகை வரவில்லை. கொஞ்சம் படுக்க இடம் கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

அவர் உள்ளே இருக்க, காரை எடைமேடையில் ஏற்றினார்கள். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருக்கும் தராசுக்காரர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். பார்த்தார், மறுபடியும் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்பது கிலோ குறையுதே," என்றார்.

மச்சானுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "சார், உங்க தராசு தப்பு. முந்தாநாள்தான் நிறுத்தேன். ஒரு போல்ட்டுகூட கழட்டல."

தராசுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டரின் காரை ஏற்றிக் காட்டினார், சரியாக இருந்தது. மூன்றாவது காரும் சரியாக இருந்தது. கண்ணாடிக்காரரை இறங்கச் சொல்லிவிட்டு அவருடைய வெறும் காரை நிறுத்தார். மச்சான் ஷெட்டில் பார்த்த எடை அப்படியே இருந்தது.

"வண்டியில எதுவும் குறையல. தம்பி சொல்றது நிஜம்தான்," என்றார். பிறகு மெதுவாக, "நீங்க கொஞ்சம் ஏறுங்க," என்றார்.

கண்ணாடிக்காரர் மேடையில் ஏறி நின்றார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, அதை வாங்கிக் கீழே வைத்தார்கள். எண் நின்றதும் மச்சானின் முகம் சுண்டிப் போனது. அவன் மனப்பாடமாக வைத்திருந்த எடையிலிருந்து அந்த ஒன்பது கிலோ அப்படியே போயிருந்தது. அவன் எண்ணைப் பார்த்தான், மாமாவின் தொளதொளத்த உடையைப் பார்த்தான். வாரா வாரம் பார்த்த மனிதரை அன்றுதான் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

"அப்போ கார்புரேட்டர் இல்லையா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"ரொம்ப தாகம் எடுக்குதா உங்களுக்கு?" என்று தராசுக்காரர் கேட்டார். கடையில் தானே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. கண்ணாடிக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

விதி விதிதான். முதலிடம் பல் டாக்டருக்குப் போனது. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு வந்தார்.

"இத நீங்க வச்சுக்கோங்க. எடை என்ன எடை? கடைசி வளைவுல தாண்டினீங்களே, அது எடையா? அந்தப் பலகையத் தாண்டியும் பிரேக் போடாம வந்தீங்க பாருங்க, எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. எனக்கு ஜென்மத்துக்கும் அந்தத் தைரியம் வராது."

பதினெட்டு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்டது இந்த வார்த்தையைத்தான். சும்மா சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. டாக்டரின் பின்னால், வெயிலில், அவர் மகள் ஐஸ் தின்றுகொண்டு நின்றாள். கடைசி வளைவின் அந்த ஒரு முழ இடைவெளி கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்தது.

"தைரியம் எல்லாம் இல்ல டாக்டர்," என்றார். "பலகை எனக்குத் தெரியல."

டாக்டர் புரியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவர் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார், கண்ணாடிக்காரரின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுக் கோப்பையோடு போய்விட்டார்.

சாயங்காலம் காரை வேனில் கட்டி முடித்ததும் மனைவியின் போன் வந்தது.

"என்னாச்சுங்க?"

"ஜெயிச்சேன். அப்புறம் செல்லாதுன்னுட்டாங்க. எடை குறைஞ்சிருச்சு."

"வண்டியா?"

"நான்."

நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை, அது அவள் வழக்கமும் இல்லை. "சரி, காலையில வெறும் வயித்தோட ரத்தம் குடுக்கப் போறோம்," என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். "லீவு போட்டுடுங்க. நானும் போடறேன்."

"சரி."

"கிளம்பிட்டீங்களா? போன் பேசிட்டே ஓட்டாதீங்க."

இத்தனை வருடத்தில், தோற்று நொந்து வந்தாலும், காய்ச்சலே ஆனாலும், வேனின் ஸ்டீயரிங்கை அவர் இன்னொருவரிடம் கொடுத்ததே இல்லை. மச்சான் கெஞ்சுவான், தள்ளி உட்காருடா என்பார்.

"நான் ஓட்டல," என்றார் கண்ணாடிக்காரர். "உன் தம்பிதான் ஓட்டறான். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அவ்வளவு நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் உடைந்து அழுதாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் வேனை மெதுவாக நகர்த்தினான்.