காலி இருக்கைப் பக்கத்து விரிசல்

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் கார் ஓட்டிப் போய் வேலை பார்க்கிறேன். ஒருநாள் லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியின் இடது மூலையில் பட்டு, நகத்தளவு விரிசல் விழுந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்த என் கணவர் இறந்து ஒரு வருடமாகிறது. இனி அங்கே உட்கார்ந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் வெயிலில் நின்ற காரை எடுத்து, ஏசியை முழுதாக வைத்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் படக்கென்று சத்தம். விரிசல் என் கண்ணெதிர் வரை ஓடி வந்துவிட்டது. சாலையே இரண்டாகத் தெரிந்தது. ஓரங்கட்டினேன். நல்லவேளை, பின்னால் வண்டி வரவில்லை.

கண்ணாடி மாற்றிய கடைக்காரர், "ரொம்ப நாளா வளந்துகினே வந்துகீதும்மா. பக்கத்துல குந்தறவங்க ஒருத்தரும் சொல்லலியா?" என்றார்.

"யாரும் உட்கார்றதில்லைங்க."

புதுக் கண்ணாடியின் ஓரத்தைத் துணியால் துடைத்தவர், "கண்ணாடி ஒட்டுன பசை காயணும். ரெண்டு நாளைக்குக் கதவ மெதுவா சாத்துங்க" என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் இடது இருக்கையில் உட்கார்ந்து, என் கணவர் பார்த்த இடத்திலிருந்து கண்ணாடியைப் பார்க்கிறேன். பசை எப்போதோ காய்ந்துவிட்டது. அந்தக் கதவை மட்டும் இன்னும் மெதுவாகத்தான் சாத்துகிறேன்.