இரண்டு முறை கழித்த ஒளி

என் அக்கா சுதாராணி மதுரையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தாள். இரண்டு புரோட்டான்கள் பெரும் வேகத்தில் மோதும்போது எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், பிறக்கும் என்று கணக்கிடுவது அவள் வேலை. மோதலில் பயான் என்ற துகளும் நிறைய வரும். அது சிதைந்தும் ஃபோட்டான் வரும். அவற்றைக் கழித்தால்தான் மோதலிலேயே பிறந்தவை தெரியும். வெளிநாட்டில் அளந்து வெளியிட்ட எண்களில் அப்படிக் கழித்து அவள் வைத்த புள்ளிகள் மேலேயே, அவள் கணக்குப் போட்டு வரைந்த கோடு ஓடியது. 2007 ஜூலையில் ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. கொடுத்துவிட்டால் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை.

அந்த வாரம் கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் மன்னவனூருக்கு வந்திருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா வீரையா, குத்தகை நிலத்தில் காரட் போட்டிருந்தார். கழுவிக் கட்டிய மூட்டைகளைக் கமிஷன் கடைச் சேனாதிபதி எடை போட்டார்.

“அம்பத்தஞ்சு. மண்ணுக்கு ரெண்டு கிலோ கழிவு.”

“கழுவுன காரட்டுல ஏதுங்க மண்ணு? உங்க மொகத்த விட சுத்தமாக் கெடக்கு” என்றார் அப்பா.

“வழக்கம்ணே. கழுவாம வந்த காலத்துலருந்து கழிக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன்.

பிரவுசிங் சென்டரில் அந்த வெளிநாட்டுக் கட்டுரையைத் திறந்தாள். ஓர் அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. பயானிலிருந்து வந்ததை அவர்களே கழித்துத்தான் எண்களைத் தந்திருந்தார்கள். அக்கா அதே எண்களிலிருந்து மறுபடியும் கழித்திருந்தாள். கணக்கைத் திருத்திப் புள்ளிகளை மறுபடி வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் எல்லாம் கோட்டை விட்டு மேலே போய்விட்டன.

“யாராச்சும் கண்டுபிடிப்பாங்களாக்கா?”

“என் கைடு சார் மூணு தடவ படிச்சாரு. கண்டுபிடிக்கல.”

சொல்லிவிட்டு அதே சாருக்கு மெயில் அடித்தாள். நாலே வரி. ஆய்வேடு தப்பு, கொடுக்கவில்லை என்று. அழுதாளா என்றால், இல்லை. திரும்பும் பஸ்ஸில் தூங்கினாள்.

அடுத்த மாதம் பெங்களூர் வேலை வேறொருவருக்குப் போனது.

“வாயத் தொறக்காம இருந்திருக்கலாமே தாயி?” என்றார் அப்பா.

“சேனாதிபதி அண்ணே மாதிரி வழக்கம்னு சொல்லிட்டுப் போக ஏலாதுப்பா.”

மறுநாள் சேனாதிபதியே தராசோடு வந்தார். “ரெண்டு கிலோ கழிவு.” இதற்கும் அவள் ஏதாவது சொல்வாள் என்று அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் அடுத்த மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.