இரண்டு கேமராவுக்கும் ஒரே சுவர்

சுண்ணாம்பு அண்ணன் என்றுதான் ஸ்டுடியோவில் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சுண்ணாம்பைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. செட்டுக்குப் பலகை அறைவது, பெயிண்ட் அடிப்பது, அடித்ததை அடுத்த வாரம் வேறு நிறத்துக்கு மாற்றுவது, இதுதான் வேலை. கடையில் கலந்து தரும் டப்பாவை நம்பமாட்டார். வெள்ளையை வாளியில் ஊற்றி, மற்ற நிறங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணால் பார்த்தே கலப்பார்.

கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வந்திருந்தது. காய்ந்த சுவரின் முன் நின்று ஒரு கண்ணை மூடுவார். பிறகு மற்றதை.

மேக்கப் அக்கா விடமாட்டார். "யாருக்கு அண்ணே கண்ணடிக்கிறீங்க? அண்ணிகிட்ட சொல்லவா?"

"சொல்லேன். பதிலுக்கு அவளும் அடிக்கட்டும்."

சிரிப்பது அவருடைய வாய் மட்டும்தான். நான் கேபிள் இழுப்பவன். நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடப்பதால் எல்லோர் முகமும் எனக்குக் கீழேயிருந்துதான் தெரியும். அந்தக் கோணத்தில் பயத்தை மறைக்க முடியாது.

ஒருநாள் அவரே சொன்னார். "நீ யார்கிட்டயும் பேசமாட்ட, அதான் சொல்றேன். வலது கண்ணுக்கு நீலம் நீலமா இருக்கு. இடது கண்ணுக்கு டீத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. வெளிய தெரிஞ்சா வேலை போச்சு."

அந்தச் சமயத்தில்தான் புதுக் கேமரா ஒன்று வந்தது. பழையது ஒன்றும் இருந்தது. இரண்டையும் வைத்து ஒரு பேட்டி நிகழ்ச்சி. கேள்வி கேட்பவருக்குப் பின்னால் பாதிச் சுவர், விருந்தாளிக்குப் பின்னால் பாதிச் சுவர், முழுவதும் ஒரே நீலம் என்றார் டைரக்டர். முதல் வாளி பாதியோடு தீர்ந்துபோனதால், அண்ணன் இரண்டாவது வாளி கலந்து மீதியை அடித்தார்.

ஒத்திகை அன்று, கேமராவுக்கு ஒன்றாக வைத்திருந்த இரண்டு டிவிகளிலும் படம் வந்தது. பழைய கேமரா காட்டிய கேள்விக்காரர் பக்கம் நீலம். புதுக் கேமரா காட்டிய விருந்தாளிப் பக்கம் ஊதா.

"அண்ணே, நான் நீலம் கேட்டேன். நீங்க இந்தப் பக்கம் கத்தரிக்காய் விளைய வெச்சிருக்கீங்க," என்றார் டைரக்டர். "ஒரே வாளியா?"

"ரெண்டு வாளி சார்."

"கேமராவை இடம் மாத்திப் பாத்துருவோம். கத்தரிக்காய் கேமராவோட போச்சுன்னா கேமரா மேல தப்பு. அங்கயே நின்னுச்சுன்னா அண்ணன் மேல தப்பு."

விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணனுக்கு மேலுதட்டில் வேர்த்துவிட்டது. எந்த வாளியை எந்தக் கண்ணை நம்பிக் கலந்தார் என்று அவருக்கே நிச்சயமில்லை. கேமராக்களை உருட்டினார்கள். நான் கேபிளைக் கழற்றி எடுத்துப் போனேன். அவர் ஈரத்துணியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். சீக்கிரம், சீக்கிரம் என்று எப்போதும் விரட்டுகிறவர்.

"மெதுவாவே மாட்டு தம்பி," என்றார்.

அவ்வளவு மெதுவாக நான் ஒரு கேபிளையும் மாட்டியதில்லை. ஆனாலும் அது மாட்டிக்கொண்டுவிட்டது.

விருந்தாளிப் பக்கம் நீலம். ஊதா, கேமராவோடு கேள்விக்காரர் பக்கம் போய்விட்டது.

"தப்பிச்சீங்கண்ணே," என்றார் டைரக்டர். அண்ணன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. "சரி, ரெண்டுலயும் ஒண்ணாத் தெரியுற மாதிரி ஒரு கலர் கலக்குங்க. டிவியைப் பாத்துப் பாத்துக் கலக்குங்க. உங்க கண்ணை விட்டா நமக்கு யாரு?"

அண்ணன் பலகையில் ஒரு பட்டை அடித்து இரண்டு கேமராவுக்கும் காட்டினார். வலது கண், இடது கண். இன்னொரு சொட்டு. இன்னொரு பட்டை. வாளிக்குள் குச்சி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இப்போ ஒண்ணாயிடுச்சா?" என்றார் டைரக்டர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் உதடு அதற்குத்தான் பிரிந்தது.

"தெரியலை சார்."

"என்ன தெரியலை?"

"எது நிஜம்னு தெரியலை. ஒரு கண்ணுக்கு ஒண்ணு, இன்னொரு கண்ணுக்கு வேறொண்ணு. உங்க கேமரா மாதிரியேதான்."

மேக்கப் அக்கா பவுடர் டப்பாவை மூடினார். "இதுக்கா அண்ணே கண்ணடிச்சீங்க?"

டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அக்கா, நீங்க டிவியைப் பாத்துச் சொல்லுங்க. அண்ணன் கலக்கட்டும்," என்றார்.

"இன்னும் சாம்பல் விடுங்க. இன்னும். நீலம் திமிருதுண்ணே, அடக்குங்க."

நீலம் அடர்த்தியாக இருந்தவரை இரண்டு கேமராவும் முறைத்துக்கொண்டு நின்றன. அது வெளுத்து, மழைக்கு முந்தைய வானம் போல ஆனபோது, டிவிகள் இரண்டும் ஒன்றையே காட்டின.

"சமாதானம் ஆயிடுச்சு," என்றார் அக்கா.

டைரக்டர் கதவருகில் திரும்பினார். "நாளைக்குக் கண் டாக்டரைப் பாருங்கண்ணே. என்ன சொல்றாருன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

அவர் போனபிறகு அண்ணன் என்னிடம் கேட்டார். "அப்புறம் பேசுவோம்னா என்ன தம்பி?"

"பேசுவாருன்னுதான்."

"கண்ணைக் கீறுவாங்களாமே?"

"மரத்துப்போக மருந்து விடுவாங்கண்ணே."

"நீ கூட வர்றியா? வீட்ல இன்னும் சொல்லலை."

வருகிறேன் என்றேன். அவர் ஏணியில் ஏறினார். புதுநிறத்தின் முதல் பட்டை கோணலாக இறங்கியது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை.

"கோணல் தெரியுது," என்றார். "ரெண்டு கண்ணுக்குமே தெரியுது."