ஆறு இடம் மாறிய காணி

அபிசா தோண்டிய மூன்றாவது குழியிலும் கருஞ்சேறும் சிப்பியும்தான் வந்தன. நில அளவையாளர் துஷாந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரசாங்க வரைபடத்தில் அந்த இடம் சதுப்பு நிலம். ஆட்கள் குடியிருந்ததற்கு அடையாளம் காட்டாவிட்டால் அபிசா கட்டத் தொடங்கிய வீடு அன்றோடு சரி.

“இது பறவையளுக்கெண்டு ஒதுக்கின இடம், அக்கா. நாலு மணிக்கு நான் வெளிக்கிடோணும்.”

பூநாரைகள் மட்டும் காணி உறுதிப் பத்திரம் வைத்துக்கொண்டா வந்து இறங்குகின்றன?

அபிசாவின் குடும்ப உறுதி தொண்ணூறாம் ஆண்டிலேயே வீட்டோடு போய்விட்டது. புலிகள் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. உடுத்த உடுப்போடு வள்ளமேறினார்கள். புத்தளத்து முகாமில் மௌத்தாகும்வரை வாப்பா ஒரே கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: அருவியாற்றங்கரையில் நின்று தெற்கே நூறு கவடு எட்டி வைத்தால் நம்முடைய கிணறு.

மூன்று தரமும் அப்படி நடந்து எண்ணித்தான் வெட்டினாள். வாப்பா பிழையாகச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் நஸார்தான் கேட்டார். “ஆறு அப்பவும் இதிலயா ஓடினது?”

அபிசா திரும்பிப் பார்த்தாள். ஆறு வருகிற அனுராதபுரத்துப் பக்கம் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். வரும்போதெல்லாம் இந்த ஆறு தன் இஷ்டத்துக்கு இடம் மாறும். இப்போது வடக்கே விலகிக் கிடக்கிறது. உமரிச்செடி முளைத்த இந்த நீளப் பள்ளம்தான் பழைய ஆறு. அவள் இவ்வளவு நேரமும் ஆற்றுக்குள்ளே கிணறு தேடியிருக்கிறாள்!

பள்ளத்தின் தென்கரையில் ஏறி, மறுபடி நூறு எண்ணினாள். அங்கே மண் வெள்ளையாக இருந்தது. இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மண்வெட்டி ‘ணங்’ என்றது. வட்டமான சுண்ணாம்புக் கட்டு.

துஷாந்தன் குனிந்து கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதினார்.

“என்னெண்டு எழுதினீங்க, சேர்?”

“கைவிடப்பட்ட கிணறு. இனிக் குடியிருப்புக் காணியெண்டு போகும்.”

நஸாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அபிசா தாளைச் சுட்டிக் காட்டினாள்.

“அந்தச் சொல்ல வெட்டுங்கோ.”

கிடைத்ததையும் கெடுத்துவிடாதே என்று நஸார் அவள் கையை அழுத்தினார். அவள் கையை உதறினாள்.

“நாங்க கைவிடேல்ல, சேர். போகச் சொன்னாங்க, போனோம்.”

துஷாந்தன் பக்கத்து ஊரான அடம்பன் ஆள். அவருடைய குடும்பமும் போரில் இடம்பெயர்ந்து திரும்பியதுதான். பேனையால் ஒரு கோடு இழுத்தார். தாளில் ‘கிணறு’ என்பது மட்டும் மிஞ்சியது.