தைரியநாதன் கழற்றிய தகடுகள்

ஆவூர் தைரியநாதனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். மனசுக்குள் முடிந்து வைத்துக்கொள்வார். யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்தார். அவரும் துறைத் தலைவர் ரெங்கராஜும் சேர்ந்து ஒரு கருவி கட்டினார்கள். கதிர்வீசும் பொருளிலிருந்து பாய்கிற எலக்ட்ரான்களைக் காந்தத்தால் வளைத்து, வேகவாரியாகப் பிரித்து எண்ணும் பித்தளைப் பெட்டி அது.

அந்தப் பெட்டி படுத்திய பாடு கொஞ்சமல்ல. வழிதவறிய எலக்ட்ரான்கள் பித்தளைச் சுவரில் மோதித் தெறித்து, எண்ணுகிற குழாய்க்குள் புகுந்துவிடும். வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்து எண்ணித் தள்ளும் குழாய். அலுமினியத்தில் பட்டால் தெறிப்பு குறைவு. யுத்தத்தில் அலுமினியத்துக்கு எங்கே போவது? தைரியநாதன் தன் வீட்டுச் சோற்றுப் பானைகளை வெட்டித் தகடாக்கிப் பெட்டிக்குள் பதித்தார். பொய்க்கணக்கு அடங்கியது. மனைவி ஜெபமாலையம்மாள்தான் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டுரை அச்சில் வந்தது. ரெங்கராஜ் பெயர் மட்டும் இருந்தது.

“என் பேரு எங்கங்க?” என்று கேட்டார் தைரியநாதன்.

“பானை வெட்டுனதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா?” என்று சிரித்தார் ரெங்கராஜ்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் வினை. இந்த ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார் தைரியநாதன். ஆளில்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து, தகடுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முன்போலவே காற்றுப் புகாமல் மெழுகு வைத்து மூடினார். ரெங்கராஜ் அந்த வேலையிலெல்லாம் கைவைக்கிற ஆளில்லை.

அடுத்த அளவீட்டில், மெதுவான எலக்ட்ரான்கள் பக்கம் வரைகோடு புதிதாக ஒரு மேடு காட்டியது. அத்தனையும் சுவரில் தெறித்து வந்த குப்பை. ரெங்கராஜோ புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பி, வெளியூர்ப் பேராசிரியர்களை வரவழைத்துக் கூட்டம் போட்டார். விடுவாரா நம்மவர்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

“சுவத்துல தெறிச்சு வந்ததா இருக்குமோ?” என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

“இருக்காதுங்க,” என்றார் ரெங்கராஜ். “உள்ள அலுமினியத் தகடு இருக்கு. நம்ம தைரியநாதன் செஞ்சது. இதப் பத்தி எழுதியிருக்கிற கட்டுரையில அவர் பேரையும் சேத்திருக்கேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தைரியநாதன் ஏங்கிக் கிடந்த பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் பொய்யின் தலையில். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவாவது மிஞ்சும். ஆனால் பானை என்று இளித்த முகமல்லவா எதிரே நிற்கிறது. எழுந்தார்.

“உள்ள தகடு இல்லைங்க. நான்தான் கழட்டினேன். அதுல எங்க வீட்டுல வத்தல் காயப்போட்டிருக்காங்க.”

கருவியைக் கெடுத்தவருக்கும், திறந்து பார்க்காமலே கூட்டம் போட்டவருக்கும், இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. தைரியநாதன் ஆவூருக்கே திரும்பி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவசரப்பட்டுட்டீங்களே என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது ஒன்றுதான்.

“அந்தாளு மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன்ல. அது போதும்.”