கோல்டன்ராட் பூத்த சனிக்கிழமை

இந்த ஊரில் காலைச் செய்தியில் வெயில், மழையோடு காற்றில் எவ்வளவு மகரந்தம் பறக்கிறது என்பதையும் சொல்வார்கள். பூ பூப்பதைப் புயல் எச்சரிக்கை மாதிரி வாசிக்கிறார்களே என்று அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்த புதிதில் சிரித்திருக்கிறேன். 2003 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காயல்பட்டினத்திலிருந்து என் தம்பி கூப்பிட்டான்.

"லாத்தா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுதுட்டு அடக்கியாச்சு."

இங்கே காலை மணி எட்டு, அங்கே மாலை ஐந்தரை. வாப்பா போய் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏண்டா எனக்குச் சொல்லல?"

"ஒங்களுக்கு அங்க ராத்திரியாச்சே. எப்படியும் வந்து சேர முடியாது, அவ தூங்கட்டும்னு உம்மா சொன்னாங்க."

தூங்கத்தான் செய்திருக்கிறேன். அவரைக் குளிப்பாட்டியபோது, கடைசியாக முகம் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்து நின்றபோது, நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

"இப்பக் கெளம்பினாலும் யாரைப் போய்ப் பார்ப்பே? விசா எக்ஸ்டென்ஷன் வேற பெண்டிங்ல இருக்கு. போனா திரும்பி வர முடியுமான்னு தெரியல" என்றார் கணவர், தயங்கித் தயங்கி. அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் தாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

அபார்ட்மெண்டுகள் முடிந்ததும் சோள வயல்கள். நடுவே மண்பாதை. இருபுறமும் இடுப்பளவுக்கு மஞ்சளாய் கோல்டன்ராட் பூத்துக் கிடந்தது, ஊடே ஊதா நிறத்தில் ஆஸ்டர் பூக்கள். இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்க எதிரே வந்த வெள்ளைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அலர்ஜியா?"

"மை ஃபாதர்…" என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை.

"அவருக்கும் உண்டா? பரம்பரையாக வருவதுதான்" என்றார் ஆங்கிலத்தில், மிகுந்த பரிவோடு. பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் இந்த மஞ்சள் பூவைத்தான் திட்டுகிறார்கள், தும்மலுக்குக் காரணம் பக்கத்திலேயே பச்சையாக, கண்ணில் படாமல் பூக்கும் ராக்வீட் என்று விளக்கினார். திருத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தலையாட்டினேன். பிறகு அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி முள்செடியொன்றைக் காட்டினார். எலுமிச்சை நிறத்தில் கையகலக் குருவி, விதைப்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. கோல்ட்ஃபின்ச்சாம். அது பறந்து போகும்வரை பார்த்தேன். அந்தச் சில நிமிடங்கள் வாப்பா எனக்கு நினைவிலேயே இல்லை. பெரியவர் போன பிறகு அந்தப் பாதையிலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

மூன்றாம் நாள் ஊரில் பெண்கள் கூடிக் குர்ஆனின் யாசீன் ஓதும்போது தம்பி என்னைக் கூப்பிட்டு போனை நடுவில் வைத்தான். எனக்குக் காலை நேரம், நானும் இங்கே முசல்லாவை விரித்து உட்கார்ந்து கூடவே ஓதினேன். முடிந்ததும், "வச்சிரவா லாத்தா?" என்றான்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

போனில் எங்கள் வீட்டு முற்றத்துக் காக்கைகள் அந்திக்கு அடையக் கத்திக்கொண்டிருந்தன. அப்போது ஜன்னலுக்கு வெளியே கனடா வாத்துக் கூட்டமொன்று கத்திக்கொண்டே போனது. இரண்டும் ஒன்றாகக் கேட்டன. நான் மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.